வலப்பக்கம் கீழே ஐந்து ஓட்டைகள்

சம்பந்தி,

அன்றைக்கு அந்தத் துப்பாக்கிக் கொட்டகையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் வந்து நானும் இருந்தேன், நானும் பார்த்தேன் என்று சொல்லக் கூடாது. நான், அஞ்சலை. நீங்கள். உங்கள் மகனும் என் மருமகனுமான குமரேசன். என் மகள் தனலெட்சுமி. உங்கள் மடியில் தூங்கிக்கொண்டிருந்த நம் பேத்தி கவிதா. துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த ரஷீட். மார்க்கர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு வெள்ளைப் பலகைக்குப் பக்கத்தில் நின்ற மாணிக்கம். மற்றபடி நூறு பேர் வந்திருப்பார்கள். மீகோரேங் தின்றார்கள், சிராப் தண்ணீர் குடித்தார்கள், போனார்கள். அவர்களெல்லாம் வந்தவர்கள். இருந்தவர்கள் ஏழு பேர்தான்.

இன்று காலை தீபாவளிக்குச் சுவரில் சாயம் அடிக்க வேண்டும் என்று குமரேசன் ஹாலில் இருந்த முருகன் படத்தைக் கழற்றினார். படத்துக்குப் பின்னாலிருந்து ஓர் அட்டை நழுவி என் காலடியில் விழுந்தது. நடுவில் கறுப்பு வட்டம், அதைச் சுற்றி மெல்லிய வளையங்கள். கறுப்பில் ஓர் ஓட்டைகூட இல்லை. வளையங்களிலும் இல்லை. எல்லாவற்றையும் தாண்டி, வலப்பக்கம் கீழே, வெள்ளை மூலையில் ஐந்து ஓட்டைகள். ஓர் ஐம்பது காசை வைத்தால் ஐந்தும் மறைந்துவிடும்.

"அத்தை, இத இன்னுமா வெச்சிருக்கீங்க?"

"முருகன்கிட்ட குடுத்து வெச்சிருந்தேன். சாயம் படாம இப்படிக் குடுங்க மாப்பிள்ளை."

வாங்கி விரல் நுனியால் தடவினேன். நீங்கள் அன்று தடவிய மாதிரியே. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. எழுபது வயதில் இப்படி அடிக்கலாமா என்று தெரியாது, ஆனால் அடித்தது. அடுப்பில் இருந்ததை அணைத்துவிட்டு, பேத்தியின் நோட்டுப் புத்தகத்தில் நாலு தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து மெதுவாகத்தான் வரும். நினைப்புதான் முன்னால் ஓடிப்போய் நின்று வா வா என்று கூப்பிடுகிறது.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஒரு கரண்டிப் பாயசம். கவிதாவுக்குக் காது குத்திய அன்று நான் பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டு வந்தேன். உங்கள் இலைக்கு வந்ததும் கரண்டி சாய்ந்தது. சூடான பாயசம் உங்கள் அரக்குப் பட்டின் மடி நிறைய விழுந்தது. அங்கே நீங்கள் மடியைத் துடைத்துக்கொண்டு எழுந்தீர்கள். இரண்டு நாள் கழித்து என் மகளிடம் சொன்னீர்கள்: "தனம், உங்கம்மாவுக்குக் கை நடுங்குது. பாத்து வெச்சுக்குங்க."

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து என்னை அடுப்புப் பக்கம் விடவில்லை. அதையாவது பொறுத்துக்கொண்டேன். பிள்ளையை நின்றபடி தூக்கக் கூடாது என்று சட்டம் போட்டாள் பாருங்கள், அதுதான் என்னை அறுத்தது. "நீ உக்காந்துக்கம்மா, நான் மடியில வெக்கிறேன்" என்பாள். கவிதா என்னைப் பார்த்துக் கையை நீட்டும். நான் பதிலுக்குக் கையை நீட்டாமல் நாற்காலி தேட வேண்டும். கை நடுங்கவில்லை என்று எப்படி மெய்ப்பிப்பது? நாலு பேர் உற்றுப் பார்க்கும்போது கையை நீட்டினால் யார் கைதான் ஆடாது? டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். "வயசாயிருச்சு இல்ல" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

பாயசம் ஏன் கொட்டியது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் தலைக்கு மேலே, வாசலில், மாணிக்கம் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டேன். குமரேசன் அப்போதுதான் அந்தத் துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்திருந்தார். கிளப் செயலாளர் என்று மரியாதைக்கு அழைத்திருக்கிறார். எனக்கு அந்த ஆள் செயலாளர் இல்லை. எங்கள் தோட்டத்து வெளிக்கிராணி, பால்வெட்டை மேற்பார்ப்பவர். ரப்பர் மரங்களைச் சோதித்துக்கொண்டே வருவார். பாலுக்காகப் பட்டையில் நாங்கள் போடும் வெட்டு ஆழமாக இறங்கி மரத்துக்குக் காயம் பட்டிருந்தால் சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போடுவார். எனக்கு இருபத்து மூன்று வயது. காய்ச்சலில் நாலு நாள் படுத்துவிட்டு வேலைக்குப் போனால், என் நிரையில் பதினாறு மரத்தில் பெருக்கல் குறி. அந்த நாலு நாளும் வெட்டியது வேறு ஆள். அந்த ஆளை என் நிரையில் போட்டதே மாணிக்கம். தெரிந்திருந்தும், காலையில் பேர் கூப்பிடும் இடத்தில், அத்தனை பேர் முன்னால் சொன்னார்: "அஞ்சலைக்குக் கை சரியில்ல. இனிமே புல்லு வெட்டட்டும்." ஆறு மாதம் புல் வெட்டினேன். நாற்பது வருஷம் கழித்து அதே முகம் என் பேத்தியின் காது குத்துக்கு வந்து நிற்கிறது! அன்று நடுங்கியது என் கோபம், சம்பந்தி. கரண்டி அதன் கையில் இருந்தது.

அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் கிளப்பின் குடும்ப நாள். ஈப்போவுக்கு வெளியே, சுண்ணாம்பு மலை அடியில், நீளமான தகரக் கொட்டகை. உறுப்பினர் வீட்டுப் பெண்களுக்கும் பெரியவர்களுக்கும் ஒரு போட்டி: காற்றுத் துப்பாக்கி, பத்து மீட்டர், ஆளுக்கு ஐந்து குண்டு. என் பேரை யாரும் கொடுக்கவில்லை. நானே போய்க் கொடுத்தேன். தனலெட்சுமி பின்னாலேயே ஓடி வந்தாள்.

"ம்மா, உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? கை வேற…"

"கைக்காகத்தான் வாரேன். தள்ளு."

ரஷீட் நல்ல பிள்ளை. துப்பாக்கியை என் கையில் வைத்து, ஒரு கிலோ அரிசிப் பொட்டலம் மாதிரி கனக்கும், பயப்படாதீர்கள் என்று மலாயில் சொன்னார். கையை நேரே நீட்டச் சொன்னார். கறுப்பு வட்டத்துக்குக் கீழே குறியை உட்கார வைத்து, மூச்சை விட்டுவிட்டு, விரலை மட்டும் இழுக்கச் சொன்னார். "பெலான்-பெலான், மக்சிக்", மெதுவாக, பெரியம்மா, என்று போட்டிக்கு முன்னால் வேறோர் அட்டையில் பழக்கினார். வைத்தேன். கோழி முட்டைமேல் உட்கார்ந்த மாதிரிக் குறி அசையாமல் உட்கார்ந்தது. இழுத்தேன். டப்! குண்டு போன இடம் வெள்ளை மூலை. வலப்பக்கம் கீழே.

மறுபடி. அதே மூலை. இன்னொன்று. அதே மூலை! எனக்குக் காது சூடாகிவிட்டது. வைத்த இடம் ஒன்று, போகிற இடம் ஒன்று. வைக்கும்போது நடு, கிளம்பினதும் மூலை. பேச்சுக் கேட்காத பிள்ளையைக்கூட இரண்டு அடி போடலாம். இதை என்ன செய்வது?

"இந்தத் துப்பாக்கி கோணலு. நான் நடுவுலதான் வெக்கிறேன், அது அதும்பாட்டுக்குப் போவுது" என்றேன்.

பின்னால் நாற்காலியில் இருந்தீர்கள். கண்ணுக்கு அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாள், கறுப்புக் கண்ணாடி, மடியில் தூங்கும் பிள்ளை. அப்போதும் வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை.

"துப்பாக்கி கோணலா, சம்பந்தி கோணலா?"

"நீங்க வந்து சுடுங்க பாப்போம்!"

"கண்ணு மட்டும் சரியா இருந்தா சுட்டுட்டு, இந்நேரம் சாப்புடவே போயிருப்பேன் லா."

ரஷீட் அதே துப்பாக்கியை வாங்கி மூன்று சுட்டார். பத்து, பத்து, ஒன்பது. "பிஸ்தோல் ஓகே, மக்சிக்" என்றார். "அது உன்னையக் கண்டா பயந்து நேராப் போவுது" என்றேன். குமரேசன் அதை மலாயில் சொல்ல, ரஷீட் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துவிட்டு, நீலப் பிடி போட்ட வேறு துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் சுட்டேன். அந்தப் பாவியும் போய் அதே மூலையில் விழுந்தது. இரண்டு துப்பாக்கியும் பேசி வைத்துக்கொண்டு என்னைக் கேலி செய்கின்றனவா? தூக்கி அந்த மலைமேல் எறிந்துவிடலாமா என்று இருந்தது.

அப்போதுதான் மாணிக்கம் பலகைப் பக்கமிருந்து குரல் கொடுத்தார். என்னைவிட மூன்று வயது மூத்தவர்.

"பாட்டிக்குக் கை நடுங்குது. யாராச்சும் ஒரு நாக்காலி போடுங்கப்பா!"

நாற்காலி! உலகத்தில் அத்தனை சொல் இருக்க, அந்தச் சொல்தான் அவர் வாயில் வந்தது. என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு, நின்றபடியே போட்டிக் குண்டு ஐந்தையும் சுட்டேன். ஐந்தும் மூலை. மாணிக்கம் அட்டையை வாங்கி, தூக்கிப் பிடித்து, கொட்டகை முழுக்கக் கேட்க வாசித்தார்: "அஞ்சலை பாட்டி, பூஜ்யம்!" பலகையில் என் பேருக்கு நேரே தட்டு அளவுக்கு ஒரு பூஜ்யம் போட்டார். அட்டையை மேசையில் எறிந்தார்.

"வாம்மா, போலாம்" என்றாள் தனலெட்சுமி. அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பரிதாபம் இருந்தது.

அட்டையைப் பொறுக்கிக்கொண்டு உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். நீங்கள் கையை நீட்டினீர்கள்.

"குடுங்க பாப்போம்."

"என்னத்தப் பாக்குறது. கண்ணும் தெரியல உங்களுக்கு."

"தெரியலன்னுதான் தடவிப் பாக்குறேன். குடுங்க."

அட்டையின் பின்பக்கத்தை விரல் நுனியால் தடவினீர்கள். கிழிந்த தாளின் சொரசொரப்பு எங்கே இருக்கிறது என்று தேடினீர்கள். மூலைக்கு வந்து விரல் நின்றுவிட்டது. வட்டமாகச் சுற்றியது. மறுபடி சுற்றியது.

"எத்தன குண்டு?"

"அஞ்சு."

"அஞ்சும் இந்த ஒரு எடந்தானா?"

"ஆமா. அதான் பூஜ்யம் போட்டுட்டானே."

நீங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டீர்கள். வெளிச்சம் படக் கூடாது என்று டாக்டர் சொன்ன கண் கலங்கிக்கொண்டு என்னைப் பார்த்தது. "சம்பந்தி," என்றீர்கள், மெதுவாக. "நடுங்குற கை ஒரே எடத்துல அஞ்சு தடவ போடுமா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அட்டையைப் பிடுங்கி நானே தடவிப் பார்த்தேன். நடுங்குகிற கை ஒன்றை மேலே போடும், ஒன்றைக் கீழே போடும், ஒன்றைத் தகரத்தில் போடும். ஐம்பது காசுக்குள்ளே ஐந்து போடுமா! அத்தனை பேரும் குண்டு எங்கே போகவில்லை என்று பார்த்தார்கள். எங்கே போயிருக்கிறது என்று பார்த்த ஒரே ஆள், கண் தெரியாத நீங்கள்.

பிள்ளையைக் குமரேசனிடம் கொடுத்துவிட்டு எழுந்தீர்கள். என்னை மறுபடி துப்பாக்கிக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள். "குண்டு போடாத துப்பாக்கியக் குடுப்பா" என்று ரஷீட்டிடம் கை ஜாடை காட்டினீர்கள். என் மணிக்கட்டின்மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, "இப்ப சுடுங்க" என்றீர்கள். இழுத்தேன். "இன்னொரு தடவ." இழுத்தேன். உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

"அடியாத்தீ! நீங்க இன்னும் மரம் வெட்டிக்கிட்டு இருக்கீங்க!"

"என்னது?"

"எடது பக்கம் மேல கத்திய வெச்சு, வலது பக்கம் கீழ இழுத்துக் கொண்டாந்து, கடைசீல ஒரு சின்ன சுண்டு சுண்டுவோம்ல, பட்டச் சீவல் தெறிக்கிறதுக்கு? அந்தச் சுண்டு! விரல் இழுக்கையில கையும் சேந்து வெட்டுது. துப்பாக்கி எத மாத்துனாலும் மரம் அதேதானே?"

நான் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி என்பதால் மட்டுமில்லை. இது உங்களுக்கு எப்படித் தெரியும்? தைப்பிங் டவுனில் பிறந்து வளர்ந்தவர் நீங்கள். பிள்ளைகளின் கல்யாணத்தில், "தோட்டத்து ஆளுங்கள ரெண்டாம் பந்தியில உக்கார வைங்க" என்று நீங்கள் சொன்னது என் காதிலேயே விழுந்தது. பெண்ணைப் பெற்றவள் நான், இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து ஆறிப்போன சாம்பார் சாப்பிட்டேன். பதினோரு வருஷமாக அந்தச் சாம்பார் என் தொண்டையில் இருந்தது. அந்த நீங்கள், கடைசிச் சுண்டைப் பற்றிப் பேசுகிறீர்கள்!

"சம்பந்தி, உங்களுக்கு எப்படி…"

"சுங்காய் பக்கம் ஒரு தோட்டம். ஒம்பது வருசம் மரம் வெட்டுனேன்" என்றீர்கள். குரலைத் தாழ்த்தவில்லை. "கல்யாணம் கட்டிக்கிட்டு டவுனுக்கு வந்தப்புறம் யார்கிட்டயும் சொல்லல." உங்கள் மகன் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கே அது புதிது. எனக்காக எதைத் திறந்து போட்டீர்கள் என்று அவர் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

"இப்ப கைய மாத்தாதீங்க" என்றீர்கள். "இத்தன வருசத்துக் கை, இன்னிக்கு மாறுன்னா மாறுமா? குறிய மாத்துங்க. வெட்டுத் தொடங்குற எடத்துல வைங்க. கை அதும்பாட்டுக்குக் கொண்டாந்து நடுவுல விடும்."

ரஷீட் தலையைச் சொறிந்தார். அவர் படித்த பாடத்தில் இது இல்லை. ஆனாலும் குண்டு போட்டுக் கொடுத்தார். இடப்பக்கம் மேலே, வெறும் வெள்ளையில், குறியை வைத்தேன். பார்த்தவர்கள் கிழவிக்குக் கண்ணும் போய்விட்டது என்று நினைத்திருப்பார்கள். மூச்சை விட்டேன். இழுத்தேன். கை தன் பாட்டுக்குச் சுண்டியது.

கறுப்பு! ஐயோ சம்பந்தி, கறுப்பு! அடுத்ததும் கறுப்பு. மூன்றாவது பத்தில் போய் உட்கார்ந்தது. ரஷீட் "வாஹ்! மக்சிக்!" என்று கத்தினார். குமரேசன் கைதட்டினார். நான் குதித்தேன், ஆமாம், குதித்தேன், முட்டி வலி அன்றைக்கு லீவு போட்டுவிட்டது. ஐந்தும் கறுப்பில்!

மாணிக்கம் மார்க்கர் பேனாவை மூடினார். "போட்டி முடிஞ்சிருச்சு. பூஜ்யம் பூஜ்யந்தான். கை அப்படி, என்ன செய்ய முடியும்? அது அந்தக் காலத்துலருந்தே சரியில்லாத கை."

அப்படியானால் அவருக்கும் ஞாபகம் இருந்திருக்கிறது. பதினாறு மரமும் ஞாபகம் இருந்திருக்கிறது. நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் நீங்கள் முன்னால் போனீர்கள்.

"பலகையில என்ன வேணும்னாலும் எழுதிக்கங்க சார், உங்க பேனா" என்றீர்கள். பிறகு திரும்பி, "தனம், இங்க வா. உங்கம்மாவுக்குக் கை நடுங்குதுன்னு சொன்னது நான். சொன்னது தப்பு." குமரேசனின் தோளிலிருந்து கவிதாவைத் தூக்கி, நின்றுகொண்டிருந்த என் கையில் கொடுத்தீர்கள். நாற்காலி இல்லாமல். பிள்ளை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். என் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு மறுபடி தூங்கிவிட்டாள். என் மகள் இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள், பழக்க தோஷம். பிறகு மெல்லக் கீழே இறக்கிக்கொண்டாள்.

கார் வரைக்கும் நானே தூக்கிக்கொண்டு வந்தேன். காரில்தான் கேட்டேன்.

"பதினோரு வருசமா தைப்பிங் தைப்பிங்னு சொன்னீங்களே?"

"தைப்பிங்ல எங்க சித்தி வீடு இருந்துச்சு. லீவுக்குப் போவேன்."

முன்னால் உட்கார்ந்திருந்த குமரேசன் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ஆறின சாம்பார் அன்றைக்குத்தான் என் தொண்டையை விட்டு இறங்கியது. பாயசத்தின் கதையையும் மாணிக்கத்தின் கதையையும் அங்கேயே உங்களிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னீர்கள்: "கோவத்த வெச்சுக்குங்க, வேணாங்கல. தண்ணி வாளியில ஒரு எலையப் போட்டுத் தூக்குவோம்ல, அலம்பாம இருக்க? அந்த மாதிரி ஒரு எலையப் போட்டு வைங்க."

போன வருஷம் நீங்கள் படுக்கையில் விழுந்தபோது கஞ்சி ஊட்டியது இந்தக் கைதான். நர்ஸ் ஊட்டினால் மார்பில் வழிகிறது என்று என்னைத்தான் கேட்டீர்கள். ஸ்பூனை உங்கள் வாய்க்கு இடப்பக்கம் மேலே கொண்டுபோவேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டே சிரிப்பீர்கள். ஒரு சொட்டு சிந்தியதில்லை. இப்போதும் அதே கைதான் எழுதுகிறது. வரியெல்லாம் வலப்பக்கம் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. கவிதா எட்டிப் பார்த்துவிட்டு, "நேரா எழுது பாட்டி" என்கிறாள். நேராகத்தான் வைக்கிறேன். கை வெட்டிக்கொண்டு போகிறது.

இன்னும் ஒன்று உங்களிடம் சொல்ல வேண்டும். உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு மாணிக்கம் வந்தார். நான்தான் தேநீர் கொண்டுபோனேன். கோப்பையை விளிம்பு வரைக்கும் ஊற்றினேன், இன்னொரு சொட்டு விட்டால் வழியும், அந்த அளவுக்கு. அடுப்பங்கரையிலிருந்து வாசல் வரைக்கும் நடந்துபோய் அவர் முன்னால் நீட்டினேன். தட்டு காய்ந்திருந்தது. அவர் வாங்கினார். வாங்கியதும் கோப்பை தட்டில் கடகடவென்று அடித்துக்கொண்டது. பாதித் தேநீர் தட்டில் கொட்டிவிட்டது. "கை இப்பல்லாம் இப்படித்தாம்மா" என்றார். பாட்டி என்று சொல்லவில்லை.

நான் துணியைக் கொண்டுவந்து துடைத்தேன். வேறு கோப்பையில் பாதி மட்டும் ஊற்றிக் கொடுத்தேன். உட்கார நாற்காலியும் போட்டேன். அவர் போன பிறகு குமரேசன் சொன்னார்: "பாவம் அத்தை, வயசாயிருச்சு. விட்டுருங்க."

நீங்கள் சொன்ன மாதிரி இலையைப் போட்டுத்தான் வைத்திருக்கிறேன், சம்பந்தி. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. ஆனால் வாளி நிறைய அப்படியே இருக்கிறது. காய்ச்சலில் எனக்குப் பதிலாக வெட்டிய ஆளை மன்னித்துவிட்டேன். பரிதாபப்பட்ட என் மகளை மன்னித்தேன். உங்களை எப்போதோ. அந்த இரண்டு துப்பாக்கிகளைக்கூட மன்னித்துவிட்டேன். அட்டையை முருகனுக்குப் பின்னால் திரும்பவும் வைக்கப் போகிறேன். முருகன் கேட்டாலும் மன்னிக்க மாட்டேன், மாணிக்கத்தை.